மலைக்கு மேல் ஒரு சுணங்கு, மலைக்குக் கீழ் ஒரு சுணங்கு

1

ஊரில் இருக்கும் உங்கள் மேல் எனக்குப் பொறாமை. இன்று காலையில் உங்களில் யாரையாவது யாராவது "சுணங்காம வாடா" என்று அதட்டியிருப்பார்கள். நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள். கம்பம் பேருந்து நிலையத்திலும் தேவாரம் சந்தையிலும் அந்தச் சொல் சும்மா கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து யார் மேல் வேண்டுமானாலும் எறியலாம். நான் இருக்கும் ஊரில் அதை என் மேல் எறிய ஒரே ஒருத்திதான் உண்டு. அவள் என் மனைவி. அவளும் அதை வேறொருவனோடு பங்கு போட்டுக்கொண்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சில வாரங்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர். மழை இல்லாத நாள் வந்தால் ஆட்கள் தெருவில் நின்று அதைப் பற்றியே பேசுவார்கள். மலர்க்கொடி இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். நான் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் காளான் பறிக்கிறேன். எங்கள் மகள் நிலா நான்காம் வகுப்பு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அடுத்த வருடம் என்னை எட்டிப் பிடித்துவிடுவாள்.

அவள் பள்ளியில் ஒரு விழா வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பேசும் மொழியிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டு வர வேண்டும். அதற்கு ஒரு படம் வரைந்து, மேடையில் நின்று, அதன் அர்த்தத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பெற்றவர்களும் வரலாம். நிலா முதலில் அம்மாவிடம்தான் போனாள். எதற்கும் அம்மாவிடம்தான் போவாள். அம்மா சீருடை மாட்டிக்கொண்டிருந்ததால் என்னிடம் வந்தாள்.

"அம்மா பிஸியாம். உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க."

இரண்டாவதாகக் கேட்கப்பட்டது உறுத்தியது. ஆனாலும் வாயில் உடனே ஒரு சொல் வந்தது. சுணங்கு.

"அப்டின்னா? ஸ்லோவா?"

"இல்ல ஆத்தா."

"சேடா?"

"அதுவும் இல்ல."

"ஷையா?"

"கிட்ட வந்துட்ட."

"டயர்டா?"

"அதுவுந்தான் கொஞ்சம்."

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "ஒரு வேர்டுக்கு ஒரு மீனிங்தான்ப்பா இருக்கணும்" என்றாள்.

2

அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் பக்கம் இந்தச் சொல் முதலில் தண்ணீருக்கு உரியது. பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது மேலே உள்ள வயலுக்கெல்லாம் பாய்ந்துவிட்டு, கடைசி வயலுக்கு நுரையும் சருகுமாக வந்து சேரும். "தண்ணி சுணங்கி வருது" என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. வரும். உயிரில்லாமல் வரும்.

அடுத்தது கொடிக்கு. நான் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவன். கவாத்து வெட்டிவிட்டால் சில நாளில் பந்தல் முழுக்க மொட்டு வெடிக்கும். ஒரு வரிசை மட்டும் கட்டையாக நிற்கும். கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கும். தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது சுணங்கிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். பட்டுப்போன கொடியைப் பிடுங்கிப் போடலாம். சுணங்கிய கொடிக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டும்.

காய்ச்சலில் சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளை, சுணங்கிக் கிடக்கும் பிள்ளை. பத்திரிகையில் "சாலைப் பணியில் சுணக்கம்" என்று போடுவார்கள். அதில் தாமதம் மட்டும்தான் இருக்கிறது, உடம்பு இல்லை. எங்கள் சொல்லில் உடம்பு உண்டு.

தயங்குவதும் சுணங்குவதும் ஒன்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தயங்குகிறவன் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறான். சுணங்குகிறவனுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. போக வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கால்தான் வராது.

எனக்கு எப்போதும் கால்தான் வராது. மலர்க்கொடி என் தாய்மாமன் மகள். சின்ன வயதிலிருந்து நான் ஓடி விளையாடிய வீடு அது. அந்த வீட்டுக்கே பெண் பார்க்கப் போன அன்று என் அக்காமார் எல்லோரும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றேன். மாமா உள்ளேயிருந்து, "என்ன மாப்ள, அங்கனயே நிக்கிறீக?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது மலர் செம்பில் தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் வாசலுக்கு வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உள்ள வாரதுக்கு இம்புட்டுச் சுணக்கமா மாமா? காப்பி ஆறிப் போகுது."

நர்ஸ் படிப்பு முடித்துக் குமுளியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு எப்படிச் சம்மதித்தாள் என்று கல்யாணம் முடிந்த பிறகு கேட்டேன். "சுணங்குறவுக விட்டுட்டு ஓடிப் போக மாட்டாக" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது எனக்குப் பேர் சுணங்கி. ஏ சுணங்கி, சாப்பிடலையா? ஏ சுணங்கி, இன்னும் தூங்கலையா? பிள்ளைக்குக்கூட அது தெரியாது. இந்த நாட்டுக்கு வந்தபோது பெட்டியில் வைக்காமல் கொண்டு வந்த ஒரே பொருள் அந்தப் பேர்தான்.

3

இந்த நாட்டுக்கு வரக் காரணம் அவள் படிப்பு. நானும் பிள்ளையும் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். குடியிருப்பு அட்டை வாங்கப் போன அலுவலகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைக் காட்டி டிபென்டன்டா என்று கேட்டாள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. மலர் ஆமாம் என்றாள். ஆமாம் என்பதைக்கூட அவளே சொல்ல வேண்டியிருந்தது. வெளியே வந்து அர்த்தம் கேட்டேன். "கூட வந்தவுகன்னு அர்த்தம், விடுங்க" என்றாள். அவள் சொன்ன அர்த்தம் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. நிலாதான் பிறகு சரியான அர்த்தத்தைச் சொன்னாள்.

காளான் கொட்டகையில் பேச்சு அதிகம் தேவையில்லை. ஒரு நாள் உடம்புக்கு முடியவில்லை. உடம்பு சுணங்கியிருக்கிறது என்று மேற்பார்வைக்காரரிடம் சொல்ல நினைத்து, "டுடே ஐ ஸ்லோ" என்றேன். அவர் தோளில் தட்டி, திங்கட்கிழமை எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுதும் காய்ச்சலோடு பறித்தேன்.

இங்கே கார் இல்லாமல் எதுவும் நடக்காது. கார் ஓட்ட முதலில் கணினியில் ஒரு தேர்வு எழுத வேண்டும். கேள்வி எல்லாம் ஆங்கிலம். மலர் என் செல்போனில் பாடத்தை ஏற்றிக் கொடுத்தாள். தேர்வுக்கு நாள் குறிப்பேன், பிறகு தள்ளிப் போடுவேன். தள்ளிப் போடுவதற்கு மட்டும் ஆங்கிலம் பெரிதாகத் தேவைப்படவில்லை.

அதனால்தான் எங்கள் வாசலில் பென்னியின் கார் வந்து நிற்க ஆரம்பித்தது.

பென்னியும் அதே முதியோர் இல்லத்தில் நர்ஸ். மலரைவிடச் சின்னவன். குமுளிக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. மனைவி இன்னும் ஊரில்தான், காகிதங்கள் சரியாவதற்காகக் காத்திருக்கிறாள். எங்கள் தோட்டத்தில் நின்று மலையைப் பார்த்தால் அவன் ஊர் மேலே இருக்கும். அவன் ஊரில் நின்று பார்த்தால் எங்கள் பள்ளத்தாக்கு காலடியில் கிடக்கும். இங்கேயும் அவனுக்கு வீடு கிடைத்தது மேட்டுத் தெருவில்தான்.

நல்ல பையன். அதுதான் சங்கடம். பெட்ரோலுக்குப் பங்கு கொடுத்தால் வாங்க மாட்டான். என்னைச் சேட்டா என்பான், மலரைச் சேச்சி என்பான். சேட்டா என்றால் அண்ணன், சேச்சி என்றால் அக்கா என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மலர் அவனைப் பென்னி என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லாதவள் அவள். மருத்துவமனையில் கணவர் பேர் கேட்டாலும் எழுதித்தான் காட்டுவாள். அந்த வாய் காலையில் எழுந்ததும் பென்னி வந்துட்டானா என்கிறது. பென்னி சொன்னான், பென்னி சிரித்தான், பென்னிக்கு மீன் குழம்பு கொஞ்சம் எடுத்து வைக்கவா என்கிறது.

குமுளியில் வேலை பார்த்ததால் அவளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. எனக்குத் தெரிந்தது டீ கேட்கவும் வழி கேட்கவும் போதும். சிரிக்கும் அளவுக்குத் தெரியாது. காரில் எல்லோரும் கடைக்குப் போனால் அவள் முன்னால் உட்காருவாள். நானும் நிலாவும் பின்னால், எங்களுக்கு நடுவில் அரிசி மூட்டை. அந்த முன் இருக்கை அவள் கால் நீளத்துக்குச் சரிசெய்யப்பட்டு அப்படியே இருந்தது. முன்னால் இரண்டு பேரும் மலையாளத்தில் சிரிக்கும்போது நான் சன்னல் வழியாக மாடுகளைப் பார்த்துக்கொண்டு போவேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கொட்டகையின் ஈரத்திலும் வியர்வையிலும் என் முதுகில் தேமல் பூத்திருந்தது. எனக்குத் தெரியாது, முதுகு யாருக்குத் தெரியும்? ஒரு நாள் நான் குளித்துவிட்டு வந்தபோது மலர் பின்னாலிருந்து செல்போனில் படம் எடுத்தாள். எதற்கு என்றேன். "மாமா எப்படி வெளுத்துப் போனாகன்னு ஊருக்கு அனுப்பத்தேன்" என்று சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன்.

4

நிலாவுக்கு நான் சொல் கொடுத்த சில நாளில், வேலை முடிந்து இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். பென்னி டீ குடித்துவிட்டுப் போகட்டும் என்றாள் மலர். வாழைக்காய் இருந்தது. நான் அடுப்படியில் நின்று அவனுக்காகப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். பொறாமைப்பட்டுக்கொண்டே பஜ்ஜி போடுவது சிரமம், எண்ணெய் கையில் தெறிக்கும். கதவு பாதி சாத்தியிருந்தது. இரண்டு பேரும் குரலைத் தணித்துப் பேசினார்கள். தணித்த குரல்தான் காதில் நன்றாக விழும்.

"சேட்டனு சுணங்ஙாணு சேச்சீ" என்றான் பென்னி. "பேடிக்கண்டா. மாறிக்கோளும்."

மலர் சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் வரும் சிரிப்பு.

மலைக்கு மேலே இருப்பவர்கள் எங்கள் சொல்லை மூக்கில் வாங்கித்தான் திருப்பித் தருவார்கள். எனக்கு அது தெளிவாகவே கேட்டது. சேட்டன் சுணங்குகிறவர். பயப்படாதே. மாறிவிடுவார்.

பஜ்ஜி கருகிவிட்டது. அதையே தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பென்னி எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "அடிபொளி சேட்டா" என்றான். பிரமாதமாம்.

அவள் என் சம்பளத்தைச் சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். நான் தேர்வைத் தள்ளிப் போடுவதைச் சொல்லியிருக்கலாம், அது ஊருக்கே தெரியும். பேரைக் கொடுத்துவிட்டாளே என்றுதான் இருந்தது. ஒரு பேரை ஒருத்தி கூப்பிட்டால் அது அழைப்பு. இரண்டு பேர் கூப்பிட்டால் பட்டப்பேர். இரண்டு பேரும் காரில் போகும்போது சுணங்கி இன்றைக்கு என்ன செய்தார் என்று பேசிக்கொள்வதாக நினைத்துப் பார்ப்பேன். காளான் பறிக்கும்போது கை நின்றுவிடும்.

கேட்டிருக்கலாம். கேட்கத் தெரிந்தவனாக இருந்தால் அந்தப் பேரே எனக்கு வந்திருக்காது. பேச்சைக் குறைத்தேன். அவள் "ஏ சுணங்கி" என்று கூப்பிட்டபோது திரும்பவில்லை. அந்த வாரம் ஒரு களிம்புக் குழாயோடு வந்து, சட்டையைக் கழற்றுங்கள், முதுகில் தடவணும் என்றாள். வேண்டாம் என்றேன். கோபம் வந்தால் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். நான் முதுகைக் காட்டாமல் கோபமாக இருந்தேன். களிம்பு யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டேன். பென்னி சொன்ன களிம்பு என்றாள். குழாயை அலமாரியில் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். பள்ளி விழாவுக்கும் நான் வரவில்லை, நீயே போ என்று சொல்லிவிட்டேன்.

"எனக்கு அன்னைக்கி டூட்டி மாமா. நீங்க போகாட்டி பிள்ளைக்கி ஆருமே இல்ல" என்றாள்.

"பென்னி இருக்கான்ல" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

5

விழாவுக்கு முந்தின நாள் மாலை, நிலா மேசையில் வண்ணப் பென்சில்களைப் பரப்பி வைத்து வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு ஆளின் முதுகு. தோளிலிருந்து இடுப்பு வரை வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். மேலே ஆங்கில எழுத்தில் சுணங்கு.

"இது என்ன ஆத்தா?"

"சுணங்குப்பா. கார்ல பென்னி அங்கிள்கிட்ட கேட்டேன். ஸ்கின்ல ஒயிட்டா வருமே, அதுதானாம். நீங்க சொன்னத வரையவே முடியல. இது ஈஸி."

"ஆரு முதுகு இது?"

"உங்களோடதுதான்."

முதலில் வந்தது ஆத்திரம். காரும் அவனுக்கு, முன் இருக்கையும் அவனுக்கு, மலரின் சிரிப்பும் அவனுக்கு. கடைசியில் என் பிள்ளைக்கு நான் கொடுத்த ஒரு சொல்லையும் அவன் எடுத்துக்கொண்டான். தண்ணீர், கொடி, காய்ச்சல் பிள்ளை எல்லாவற்றையும் வழித்து எறிந்துவிட்டு அதில் ஒரு தோல் வியாதியை வைத்துவிட்டான். நாளைக்கு என் மகள் இந்த ஊர் முன்னால் நின்று சுணங்கு என்றால் தேமல் என்று சொல்வாள். ஊர் அப்படியே வைத்துக்கொள்ளும். அப்புறம் இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே இருக்காது.

படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். வெள்ளைப் பொட்டு. முதுகு. களிம்பு. அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது.

மலர் மழையில் நனைந்து வந்து கதவருகே உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"மலரு, மலையாளத்துல சுணங்குன்னா என்ன?"

"தேமல். ஏன் மாமா?"

"அன்னைக்கி அவன் சொன்னது அதானா? சேட்டனு சுணங்குன்னு?"

ஒரு காலுறை கையில் இருக்க, அவள் என்னையே பார்த்தாள். மெதுவாக அவளுக்கு விளங்கியது. அவள் முகத்தில் அது பரவுவதை நானே பார்த்தேன்.

"அதுக்கா இத்தன நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சீக?"

"நீ ஏன் சிரிச்ச?"

"சிரிக்காம என்ன செய்ய? உங்க முதுகுப் படத்தக் காட்டி, இது வேற எதுவும் இல்லியேன்னு பயந்து போய்க் கேட்டேன். அவன் சேட்டனு சுணங்குங்குறான். அடப்பாவி, இது எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமேன்னு நெனச்சேன். அடக்க முடியல."

"பேரச் சொல்லிட்டியா அவங்கிட்ட?"

"ஏன் சேச்சி சிரிக்கிறீகன்னு கேட்டான். ஒன்னுமில்லன்னுட்டேன்." குனிந்து அடுத்த காலுறையை இழுத்தாள். "அத எதுக்கு மாமா ஊராளுகிட்டச் சொல்லிக்கிட்டு?"

நான் போய் அலமாரிக்குள் கையை விட்டுக் களிம்பை எடுத்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு அவளுக்கு முன்னால் திரும்பி உட்கார்ந்தேன். களிம்பு சில்லென்று இருந்தது. அப்போதும் ஒன்று குத்தியது. அந்தப் படத்தைப் பென்னி பார்த்திருக்கிறான். என் முதுகை நானே இதுவரை பார்த்ததில்லை.

பேர் என்னிடமே இருந்தது. சொல் போய்விட்டது. மலைக்கு மேலே அது, மலைக்குக் கீழே வேறு என்று நிலாவிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் வரைந்து தருகிறேன் என்றேன். திராட்சைப் பந்தல் என்றேன். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே, "எனக்கு பென்னி அங்கிளோடதுதான்ப்பா புரியுது" என்றாள். நாளைக்கு நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

6

மறுநாள் பென்னிதான் எங்களைப் பள்ளியில் இறக்கிவிட்டான். மலரின் வேலை முடியும் நேரமாகிவிட்டது, அவளை அழைத்து வர அப்படியே போய்விட்டான்.

மண்டபம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் இடம் இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்துக் கையை அசைத்துக் கூப்பிட்டார். நான் சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கதவுப் பக்கமே நின்றுகொண்டேன். எந்தக் கூட்டத்திலும் எனக்குக் கதவுப் பக்கம்தான் வசதி.

போலந்துப் பெண் ஒருத்தி ஒரு சொல் சொன்னாள். பிரேசில்காரர் வீட்டுப் பையன் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஆடியே காட்டினான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மாவோ அப்பாவோ முன்னால் உட்கார்ந்து செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர்களையும் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். எரிய ஆரம்பித்துவிட்டால் ஆள் கணக்குப் பார்ப்பதில்லை.

நிலா மேடைக்குப் போனாள். படத்தைத் தூக்கிப் பிடித்தாள். என் முதுகு அந்த மண்டபத்துக்கே தெரிந்தது. சுணங்கு என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வீட்டில் அத்தனை தடவை ஒப்பித்தவள். படம் மெதுவாக மேலே ஏறி அவள் முகத்தை மறைத்தது. கீழே இரண்டு முட்டியும் ஒட்டியிருந்தன. ஒரு காலின் பெருவிரலால் இன்னொரு காலை அழுத்திக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். பழத்தட்டோடு நிலைப்படியில் நின்றவனின் நிற்பு அது. என் பேச்சும் சாயலும் அவளை விட்டுப் போய்விட்டன என்று நினைத்திருந்தேன். இது அவளிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

ஆட்கள் நெளிய ஆரம்பித்தார்கள். டீச்சர் எழுந்தார். மலரும் இல்லை, பென்னியும் இல்லை. கதவருகே நான்தான் இருந்தேன்.

"சுணங்காத ஆத்தா" என்றேன்.

கத்தவில்லை. மண்டபம் அமைதியாக இருந்ததால் அது மேடை வரை போனது. அத்தனை தலைகளும் திரும்பின. அந்த ஊரில் என் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டிருப்பார்கள். காது சுட்டது. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

நிலா படத்தைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் பேசினாள். எனக்குப் புரிகிற ஆங்கிலம்தான். உள்ளே போக உனக்கு ஆசை இருக்கிறது, ஆனால் கதவிலேயே நிற்கிறாய், அதுதான் சுணங்கு. இப்போது என் அப்பா செய்கிறாரே, அது. நான் இப்போது செய்தேனே, அதுவும்.

எல்லோரும் கதவைப் பார்த்துச் சிரித்தார்கள். வலிக்கிற சிரிப்பாக இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துவிட்டு, அதைத் தட்டிக் காட்டினார். நான் நடந்து போய் உட்கார்ந்தேன்.

நிலா முடிக்கவில்லை. இது மலைக்குக் கீழே இருக்கிற அர்த்தம் என்றாள். மலைக்கு மேலே போனால் இதற்கு இந்த அர்த்தம் என்று படத்தைத் திரும்பத் தூக்கிக் காட்டினாள். பாதியைப் பென்னிக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு முழுசும் வேண்டும் என்றிருந்தது. என்றாலும் முதல் பாதி என்னுடையது.

விழா முடிந்ததும் ஓடி வருவாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். படத்தை என்னிடம் கொடுத்தாள். தோழியின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தத் தோழியோடு போய்விட்டாள். அவர்கள் காரில் ஏறும்போதாவது திரும்பிப் பார்ப்பாள் என்று பார்த்தேன். தோழி ஏதோ சொல்ல, இவள் சிரித்துக்கொண்டே கதவை இழுத்துச் சாத்தினாள்.

7

பள்ளி வாசலில் பென்னியின் கார் வந்து நின்றது. மலர் அவசரமாக இறங்கி, முடிஞ்சிருச்சா, பிள்ளை பேசினாளா என்று கேட்டாள். பேசினாள் என்றேன். அவள் திறந்து விட்டிருந்த முன் கதவு அப்படியே இருந்தது.

நான் போய் முன்னால் உட்கார்ந்தேன். முட்டி இடித்தது. இருக்கைக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும், அதை இழுத்தால் பின்னால் போகும். கடைக்குப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து பார்த்து வைத்திருந்தேன். இழுத்தேன். என் கால் நீளத்துக்குப் போய் நின்றது. மலர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

பென்னி என்னை ஒரு தடவை பார்த்தான். என் மடியிலிருந்த படத்தையும் பார்த்தான். தேமல் போய்விட்டதா என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டான்.

"சேட்டா, சுணங்ஙு மாறியோ?"

பின்னாலிருந்து மலரின் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் வரும் அதே சிரிப்பு. இந்தத் தடவை எனக்கும் வந்துவிட்டது.

"எந்தா சேச்சீ சிரிக்குந்நே?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"ஒன்னுமில்ல பென்னி."

என் பக்கம் திரும்பினான். அவனுக்கும் சிரிக்க வேண்டும் போல இருந்தது. எதற்கு என்று தெரியாமல் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தான். எத்தனை நாள் பின் இருக்கையில் நான் அப்படிப் பார்த்திருப்பேன்!

"ஒன்னுமில்ல தம்பி" என்றேன். "சுணங்காம வண்டிய எடு."